லுகேமியா, கொழுப்பு அமிலம், செல் ஆக்சிஜனேற்றம்: ஒருவர் ஆயுள் முழுக்க இதில் என்ன ஆராய்வார்?

கேள்வி: ஒரு மருத்துவ ஆய்வாளரைப் பற்றிய குறிப்பில் "லுகேமியா, கொழுப்பு அமிலங்கள், செல் ஆக்சிஜனேற்றம் ஆகியவற்றில் நீண்டகால ஆய்வு" என்று படித்தேன். இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? முப்பது நாற்பது வருடம் ஒருவர் இதிலேயே என்ன செய்திருப்பார்? மீன் எண்ணெய், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எல்லாம் ரத்தப் புற்றுநோய்க்கு நல்லது என்கிறார்களே, அது இதிலிருந்து வந்ததுதானா? உயிர்வேதியியல் படிக்கும் நான் இந்தத் துறைக்கு வரலாமா?

பதில்: குறிப்பில் எழுதும்போது மூன்று துறைகள் மாதிரி தெரியும். சோதனைக்கூடத்துக்குள் போய்விட்டால் அது ஒரே கேள்விதான்: லுகேமியா செல் எதை எரித்து வாழ்கிறது, அதற்குள்ளேயே எது எரிந்தால் அது சாகும்? இந்தத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாகும் பாதையில் வரும் புற்றுநோய்தான் லுகேமியா. வெள்ளணுவாக முதிர வேண்டிய செல் பாதி வழியில் நின்றுவிடுகிறது, முதிராமலேயே பெருகுகிறது, நல்ல அணுக்களுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. இப்படிப் பெருகும் செல்லுக்கு ஆற்றல் வேண்டும், ஒவ்வொரு புதுச் செல்லையும் சுற்றிப் போர்த்தச் சவ்வும் வேண்டும். கொழுப்பு அமிலம் இரண்டுக்கும் உதவும். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனால் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்பட்டு எரிகிறது. 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு முழுதாக எரிந்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சுமார் 106 கிடைக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவது 30 முதல் 32 வரைதான்.

அதே கொழுப்பு அமிலம் எரிபொருளாகப் போகாமல் சவ்வில் போய் உட்கார்ந்தால் கதை மாறுகிறது. அங்கேயும் ஆக்சிஜன் அதைச் சும்மா விடுவதில்லை. இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் பிடுங்கப்படும். ஒன்று போனால் பக்கத்து மூலக்கூறிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாக வினை ஓடும். திறந்து வைத்த எண்ணெய் காறிப்போவதும் இதே வேதியியல்தான். இரட்டைப் பிணைப்பு கூடக்கூட ஆபத்தும் கூடும். ஓலிக் அமிலத்தில் ஒன்று, லினோலிக் அமிலத்தில் இரண்டு, அரக்கிடோனிக் அமிலத்தில் நான்கு, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இபிஏவில் ஐந்து, டிஹெச்ஏவில் ஆறு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கும் ஆக்சிஜனேற்றம் செல்லுக்குச் சோறு போடுகிறது, சவ்வில் நடப்பது அதன் உயிரையே எடுக்கக்கூடும். நீங்கள் படித்த ஆய்வாளர் இந்த இரண்டில் எதைச் செய்தார் என்று அந்தக் குறிப்பை வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டையும் தொட்டிருப்பார், ஏனென்றால் ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வந்து நிற்கும்.

சரி, இத்தனை புற்றுநோய்கள் இருக்க ஏன் லுகேமியா? முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. நுரையீரல் கட்டியிலிருந்து செல் எடுக்க ஊசியோ அறுவையோ வேண்டும். லுகேமியா செல் ரத்தக் குழாயிலேயே ஓடுகிறது. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கும் செல் என்பதால் ஓட்ட அளவியில் (ஃப்ளோ சைட்டோமீட்டர்) விட்டு ஒவ்வொன்றாக எண்ணலாம். புற்றுநோய் ஆய்வின் பல முதல் வெற்றிகள் லுகேமியாவில் கிடைத்ததில் இந்த வசதிக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. வெள்ளணுக்களுக்கு ஆக்சிஜனேற்றம் புதிதல்ல. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும் ஆக்சிஜனைச் சூப்பர்ஆக்சைடாக மாற்றி அதன்மேல் கொட்டுகிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்குத் தொற்று மாற்றித் தொற்று வந்துகொண்டே இருக்கும். அரக்கிடோனிக் அமிலத்தை நொதி வைத்து ஆக்சிஜனேற்றம் செய்து, அழற்சியைக் கிளப்பும் லூக்கோட்ரைன்களை உண்டாக்குவதும் வெள்ளணுக்கள்தான். இந்தக் குடும்பத்து மூலக்கூறுகளை ஆராய்ந்ததற்காக பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே கொழுப்பு அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்வது இந்தச் செல் குடும்பத்துக்கு அன்றாட வேலை. அந்தக் குடும்பத்தில் ஒரு செல் கெட்டுப்போனால் இந்த வேலை என்ன ஆகிறது என்று கேட்பது இயல்புதானே.

மூன்றாவது, மஜ்ஜை இருக்கும் இடம். வயது ஏற ஏற எலும்பு மஜ்ஜையில் கொழுப்புச் செல்கள் கூடும். வேகமாக முற்றும் வகையான அக்யூட் மைலாய்டு லுகேமியா பெரும்பாலும் முதியோர் நோய், கண்டறியப்படும் நடுமதிப்பு வயது சுமார் 68. கொழுப்பு நிறைந்த இடத்தில் வளரும் புற்றுநோய் அந்தக் கொழுப்பைத் தொடாமல் இருக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது வரலாறு. லுகேமியாவை 1845-இல் எடின்பரோவில் பென்னட்டும் பெர்லினில் விர்ச்சோவும் தனித்தனியாக விவரித்தார்கள். கொழுப்பு அமிலம் எப்படி எரிகிறது என்பதற்கு முதல் துப்பு 1904-இல் கிடைத்தது. க்னூப் என்ற ஜெர்மானியர், நுனியில் பென்சீன் வளையம் கட்டிய கொழுப்பு அமிலங்களை நாய்களுக்குக் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார். கார்பன் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து சிறுநீரில் வந்த பொருள் மாறியது. அதிலிருந்து, உடல் இரண்டிரண்டு கார்பனாக வெட்டுகிறது என்று சரியாக ஊகித்தார். கதிரியக்கக் குறியீடு எதுவும் கிடைக்காத காலத்தில் செய்த சோதனை அது. இன்றும் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருவேன். இந்த எரிப்பு மைட்டோகாண்ட்ரியாவில்தான் நடக்கிறது என்று 1940-களின் கடைசியில் கென்னடியும் லெனிங்கரும் காட்டினார்கள். இடையில் 1929-இல் ஜார்ஜ் பர், மில்ட்ரட் பர் தம்பதி, கொழுப்பே இல்லாத உணவில் எலிகள் நோயுறுவதைப் பார்த்து, சில கொழுப்பு அமிலங்கள் உடலுக்கு அத்தியாவசியம் என்று நிறுவினார்கள்.

ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க்கைச் சொல்லாமல் நகர முடியாது. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்று செல்கள் குளுக்கோஸை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன என்று 1920-களில் அளந்து காட்டினார். 1931-இல் நோபல் வாங்கியது வேறொன்றுக்கு, சுவாச நொதி பற்றிய வேலைக்கு. புற்றுநோய் விஷயத்தில் அவர் அளவீடு சரி, முடிவு தவறு. செல்லின் சுவாசம் நிரந்தரமாகப் பழுதாவதால்தான் புற்றுநோய் வருகிறது என்று 1956-இலும் அடித்துச் சொன்னார். பெரும்பாலான புற்றுநோய்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது, குறிப்பாக மைலாய்டு லுகேமியாவில். அவருடைய பெயரின் கனத்தால், "புற்று செல் என்றால் சர்க்கரை" என்ற எண்ணம் பல தலைமுறைக்கு உறைந்துபோனது. கொழுப்பு எரிப்பைப் பார்க்க வேண்டிய கண்கள் வேறு பக்கம் போயின.

இன்னொரு விஷயம் அடிக்கடி மறக்கப்படுகிறது. லுகேமியாவுக்கு வந்த முதல் மருந்துகளே வளர்சிதை மாற்றத்தைக் குறிவைத்தவைதான். 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தின் எதிரியான அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த மருந்தை உருவாக்கிய லெடர்லே ஆய்வகக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அப்புறம் 1953-இல் 6-மெர்காப்டோப்யூரின் வந்தது, பின்னால் அஸ்பாரஜினேஸ் வந்தது. ஒன்று டிஎன்ஏ கட்டும் பொருளை மறிக்கிறது, மற்றது ரத்தத்தில் ஓர் அமினோ அமிலத்தைக் காலி செய்து லுகேமியா செல்லைப் பட்டினி போடுகிறது. இவற்றின் வாரிசுகளைச் சரியாகச் சேர்த்துக் கொடுத்துத்தான் இன்று வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். செல் எதைத் தின்கிறது என்று கேட்டவர்கள் போட்ட பாதை இது.

இப்படித் தொடங்கிய துறை ஏன் வாடியது? 1970-களில் புற்றுநோய் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1973-இல் ஜேனட் ரவ்லி, நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதைக் காட்டினார். அந்த ஒரு கண்டுபிடிப்பின் நேர்ப் பலனாக 2001-இல் இமாடினிப் என்ற மருந்து வந்து, அந்த நோயைத் தினசரி மாத்திரையில் கட்டுப்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தது. பணமும் மாணவர்களும் அந்தப் பக்கம் போனதில் தப்பே இல்லை. ஆனால் கொழுப்பு அமிலத்தையும் ஆக்சிஜனேற்றத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நீண்ட வறட்சி. பழைய பாடம், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று மானியக் குழுக்களில் கேட்பார்கள். உங்கள் ஆய்வாளர் 1970, 80-களில் வேலை தொடங்கியவராக இருந்தால், அவர் பணிவாழ்வின் பெரும்பகுதி இந்த வறட்சியில்தான் கழிந்திருக்கும். அவர் மேல் எனக்கு உள்ள மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் நாள்தோறும் என்ன செய்திருப்பார்? நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிப்பார். குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் கொழுப்பைக் கரைத்து எடுப்பார். 1957-இல் ஃபோல்ச் குழு வகுத்த அந்த முறை இன்றும் மாறவில்லை. பிறகு வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் விட்டு, எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று அளப்பார். 1952-இல் ஜேம்ஸும் மார்ட்டினும் அந்த முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது முதலில் பிரித்துக் காட்டியதே கொழுப்பு அமிலங்களைத்தான். லுகேமியா செல்லின் சவ்வுக்கும் நல்ல வெள்ளணுவின் சவ்வுக்கும் கொழுப்புச் சேர்மானம் வேறுபடுகிறது என்ற அடிப்படை அறிவு இப்படித்தான் சேர்ந்தது. ஆக்சிஜனேற்றத்தை அளக்க தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை. கொழுப்பு காறினால் உண்டாகும் மலோன்டயால்டிஹைடுடன் சேர்ந்து இளஞ்சிவப்பு நிறம் தரும், 532 நானோமீட்டரில் அளக்கலாம். எளிது, மலிவு. ஆனால் வேறு சில பொருட்களும் அதே நிறத்தைத் தரும். அந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் எச்சரிக்கையோடுதான் படிப்பேன்.

1977-இல் ஒரு நோயாளியின் செல்லிலிருந்து ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் ஹெச்எல்-60 என்ற செல்வரிசை உருவானது. அதற்குப் பிறகு வேலை வேகமெடுத்தது. பன்மநிறைவுறா (இரட்டைப் பிணைப்புகள் பல கொண்ட) கொழுப்பு அமிலங்களைச் செல் வளர்ப்பில் சேர்த்தால் புற்று செல்கள் சாகின்றன, நல்ல செல்கள் அதே அளவைத் தாங்குகின்றன என்று 1980-களில் பல ஆய்வுக்கூடங்கள் காட்டின. கூடவே வைட்டமின் ஈ சேர்த்தால் சாவு நின்றுவிட்டது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். கொழுப்பு அமிலம் வெறுமனே இருப்பதால் செல் சாகவில்லை, அது ஆக்சிஜனேற்றம் அடைவதால் சாகிறது என்பதற்கு அது சாட்சி. லுகேமியா, கொழுப்பு அமிலம், ஆக்சிஜனேற்றம் மூன்றும் ஒரே சோதனைத் தட்டில் சந்தித்த இடம் இது. நீங்கள் படித்த குறிப்பு அனேகமாக இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவருடையதாக இருக்கும்.

அப்படியானால் மீன் எண்ணெய் கொடுத்து லுகேமியாவைக் குணப்படுத்திவிடலாமே? முடியாது. எங்கே அறுந்துபோகிறது என்று சொல்கிறேன். ரத்தத்தில் கொழுப்பு அமிலம் தனியாக மிதப்பதில்லை, ஆல்புமின் என்ற புரதம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். செல் வளர்ப்பில் ஆல்புமினைக் குறைத்து டிஹெச்ஏவை ஊற்றினால் கிடைக்கும் அளவை உடலுக்குள் எட்டவே முடியாது. போதாததற்கு, வளர்ப்புத் தட்டில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 20 சதவீதம், மஜ்ஜையில் வெகு குறைவு. அதாவது காறல் வினைக்கு வசதியான சூழலை நாமே உண்டாக்கிக் கொடுத்துவிட்டு, மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். இந்தத் துறையில் மிக அதிகமாக வீணான உழைப்பு இந்த ஓர் இடத்தில்தான் என்பது என் கருத்து.

மனிதர்களில் பெரிய சோதனை என்ன சொன்னது? விடல் என்ற ஆய்வில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் தினமும் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் புற்றுநோய் வருவதில் வித்தியாசம் இல்லை. ஆன்டிஆக்சிடன்ட் கதை இன்னும் கவலைக்குரியது. 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. செலக்ட் ஆய்வில் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. இவை லுகேமியா ஆய்வுகள் அல்ல, ஆனாலும் "ஆன்டிஆக்சிடன்ட் என்றால் நல்லதுதான், கெடுதல் இருக்காது" என்ற எண்ணத்தை உடைக்கப் போதும். லுகேமியா சிகிச்சையில் இருப்பவருக்கு விஷயம் இன்னும் நுட்பமானது. டானோரூபிசின் என்ற லுகேமியா மருந்து, எளிதில் வினைபுரியும் ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கும். இன்னொரு மருந்தான ஆர்சனிக் ட்ரைஆக்சைடின் வேலையில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. இந்த மருந்துகள் ஏறும் நேரத்தில் அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட் விழுங்குவது மருந்தின் கையைக் கட்டுவதாக முடியலாம். வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், எந்த மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். இதை நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்சனிக்கைப் பற்றி இரண்டு வரி. சீனாவின் ஹார்பினில் ஜாங் டிங்டாங் குழு 1970-களில் இதை முயன்று பார்த்தது. ஷாங்காயில் வாங் ஜென்யி, மைலாய்டு லுகேமியாவின் ஒரு வகையான புரோமைலோசைட்டிக் லுகேமியாவுக்கு வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாயிக் அமிலத்தை 1985-இல் கொடுக்கத் தொடங்கினார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஆபத்து குறைந்த, நடுத்தர ஆபத்துள்ள நோயாளிகளில் இரண்டு வருடத்தில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு காலத்தில் நாள் கணக்கில் ரத்தப்போக்கால் கொன்ற நோய் இது.

கொழுப்பு அமிலத்துக்கு நல்ல காலம் திரும்பியதும் ஒரு வழியில் மரபணுக்காரர்களால்தான். 2009-இல் ஒரு லுகேமியா நோயாளியின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது, ஐடிஹெச்1 என்ற வளர்சிதை மாற்ற நொதியின் மரபணுவில் மாற்றம் இருந்தது. ஆற்றல் உற்பத்திப் பாதையோடு ஒட்டி வேலை செய்யும் நொதி அது. கெட்டுப்போய் வேறொரு பொருளை உண்டாக்கி, செல்லை முதிரவிடாமல் தடுக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் வளர்சிதை மாற்றப் பாடப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். 2017-இல் இதன் உறவு நொதியான ஐடிஹெச்2-ஐயும், 2018-இல் இதையும் குறிவைத்த மருந்துகளே வந்துவிட்டன.

2010-இல் டெக்சாஸில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் குழு, கொழுப்பு அமில எரிப்பை எடோமாக்சிர் என்ற பொருளால் தடுத்தால் லுகேமியா செல்கள் மற்ற மருந்துகளுக்கு எளிதில் மசிகின்றன என்று காட்டியது. கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசலில் நிற்கும் சிபிடி-1 நொதியை எடோமாக்சிர் அடைக்கிறது. வார்பர்க்கின் நிழலிலிருந்து துறை வெளியே வந்த வருடமாக இதை நான் நினைக்கிறேன். 2016-இல் எலிகளில் ஒரு பெரிய செய்தி: நோயைத் திரும்ப முளைக்கவைக்கும் லுகேமியா ஸ்டெம் செல்களில் ஒரு பகுதி உடல் கொழுப்புக்குள் போய்ப் பதுங்கி, சிடி36 என்ற வாசல் வழியாகக் கொழுப்பு அமிலத்தை இழுத்துக்கொண்டு கீமோதெரபியிலிருந்து தப்பிக்கின்றன. 2017-இல் மேலே விட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது. மஜ்ஜையின் கொழுப்புச் செல்லைத் தூண்டிக் கொழுப்பை உடைக்கவைத்து, உடைந்த கொழுப்பு அமிலத்தை மைலாய்டு லுகேமியா செல்கள் வாங்கிக்கொள்கின்றன.

எடோமாக்சிரிடம் ஒரு பாடம் உண்டு, அதை இந்தத் துறைக்கு வருபவர் யாரும் தாண்டிப்போகக் கூடாது. சில மைக்ரோமோலார் அளவிலேயே சிபிடி-1 பெரும்பாலும் அடைபட்டுவிடும். பல ஆய்வுகளில் 100, 200 மைக்ரோமோலார் வரை ஊற்றினார்கள். அந்த அளவில் அது மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதல் கூட்டமைப்பையே நேரடியாக நிறுத்துகிறது என்று 2018-இல் தெரியவந்தது. அப்படியானால் செல் செத்தது கொழுப்பு எரிப்பு நின்றதாலா, சுவாசமே நின்றதாலா? பல வருட முடிவுகளைத் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. மருந்தாகவும் அது தேறவில்லை. இதய நோயாளிகளுக்குச் சோதித்தபோது கல்லீரல் பாதிப்பால் நிறுத்தினார்கள். இதயத் தசை தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலத்திலிருந்துதான் எடுக்கிறது. நல்ல ரத்த ஸ்டெம் செல்களும் கொழுப்பு எரிப்பை நம்பியிருக்கின்றன என்று 2012-இல் வந்த ஆய்வு காட்டியது. லுகேமியாவின் எரிபொருளை மட்டும் பிடுங்கி, இதயத்தையும் நல்ல மஜ்ஜையையும் விட்டுவைப்பது எப்படி? இன்று இந்தத் துறையின் நடுவில் நிற்கும் கேள்வி இதுதான்.

வெனடோக்ளாக்ஸ் இதற்கு அருகில் வந்த மருந்து. வடிவமைத்தது செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 புரதத்துக்கு எதிராக. அஸாசிடிடின் என்ற இன்னொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, தீவிர கீமோதெரபி தாங்காத மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் நடுமதிப்பு ஆயுள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது என்று 2020-இல் வெளியானது. கொலராடோவில் க்ரெய்க் ஜோர்டான் குழு செய்த வேலையில், இந்தக் கூட்டு மருந்து லுகேமியா ஸ்டெம் செல்லின் ஆற்றல் உற்பத்தியையே முடக்குகிறது என்று தெரிந்தது. இந்த ஸ்டெம் செல்கள் சர்க்கரைக்குத் தாவ முடியாமல் தவிக்கின்றன. முதல் தடவை அமினோ அமிலத்தை நம்பியிருக்கும். சிகிச்சைக்குப் பின் திரும்ப வரும்போது கொழுப்பு அமிலத்துக்கு மாறிக்கொண்டு மருந்துக்கு அடங்காமல் நிற்கும். 1980-களில் யாரும் கேட்க ஆளில்லாமல் கொழுப்பை அளந்துகொண்டிருந்தவர்களின் பட்டியல்கள் இன்று படிக்கப்படுவது இதனால்தான்.

காறல் பக்கமும் உயிர்பெற்றது. 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டாக்வெல் குழு, இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து செல் சாகும் முறையைத் தனி வகை என்று நிறுவி ஃபெரோப்டோசிஸ் என்று பெயர் வைத்தது. ஜிபிஎக்ஸ்4 என்ற செலினியம் கொண்ட நொதி அதைத் தடுத்துக் காக்கிறது. வைட்டமின் ஈ சேர்த்தால் சாவு நிற்கிறது என்ற பழைய கவனிப்புக்கு முப்பது வருடம் கழித்து இப்படி ஒரு பொறிமுறை விளக்கம் கிடைத்தது.

எல்லாமே ஆக்சிஜனேற்றச் சாவில் முடிவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சந்தீப் பிரபு, ராபர்ட் பால்சன் குழு 2011-இல் வெளியிட்ட வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். இபிஏ உடலில் நொதிகளால் மாற்றப்பட்டு உண்டாகும் ஒரு ப்ரோஸ்டாகிளாண்டின், எலிகளில் லுகேமியா ஸ்டெம் செல்களைத் தேர்ந்து அழித்தது. மீன் எண்ணெயை அப்படியே விழுங்குவதற்கும், அதிலிருந்து பிறக்கும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மருந்தாக்க முயல்வதற்கும் உள்ள தூரம் இதில் தெளிவாகத் தெரியும்.

குழந்தைகள் பக்கம் இரண்டு செய்தி. மூளையைச் சுற்றிய தண்டுவட நீரில் கொழுப்பு மிகக் குறைவு. அங்கே போய் ஒளியும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா செல், எஸ்சிடி என்ற நொதியைக் கூட்டி நிறைவுறா கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்று 2020-இல் வெளியானது. இன்னொன்று, 10 முதல் 21 வயதுக்குட்பட்ட 40 நோயாளிகளுக்கு முதல் மாதச் சிகிச்சையோடு கலோரி குறைத்த உணவும் உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது மிச்ச நோய் அளவு குறைந்திருந்தது. 2021-இல் வெளியானது. சிறிய ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்ததும் அல்ல. மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது என்பதால் வீட்டில் குழந்தையைப் பட்டினி போடுவதற்கு இது அனுமதி இல்லை. ஆனால் உடலில் கொழுப்பு எவ்வளவு என்பதே சிகிச்சையின் ஒரு பகுதியாக முடியும் என்று மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வரலாம், வாருங்கள். உயிர்வேதியியல் அடிப்படை உள்ளவர்களுக்கு இங்கே பஞ்சம். மரபணுத் தரவை அலசத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், கொழுப்பு அமிலத்தை ஆல்புமினோடு சரியாகப் பிணைத்துக் கரைசல் தயாரிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சேரும் ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பெயரை விட, பக்கத்தில் ரத்தவியல் வார்டு இருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியின் மாதிரி எடுத்த சில மணி நேரத்தில் உங்கள் கைக்கு வர வேண்டும். உறைய வைத்துத் திரும்ப உருக்கிய செல்லில் ஆக்சிஜனேற்ற அளவு ஏற்கெனவே மாறியிருக்கும், அதை நோயின் குணம் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு, நோயாளியிடம் விளக்கிச் சொல்வது, இவையெல்லாம் அலுவலகச் சடங்காகத் தோன்றினாலும் முழு அக்கறையோடு செய்யுங்கள். அந்த ரத்தம் ஒருவர் தன் மிக மோசமான வாரத்தில் உங்களுக்குக் கொடுத்தது.

கற்க வேண்டியவற்றில் மூன்றை முதலில் வைப்பேன். ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் சீஹார்ஸ் கருவி. கார்பன்-13 குறியிட்ட பால்மிடிக் அமிலம் எங்கே போகிறது என்று நிறை நிறமாலைக் கருவியில் தொடர்ந்து பார்ப்பது. ஓட்ட அளவியில் சவ்வின் காறலைக் காட்டும் சாயங்கள். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ஆக்சிஜனேற்றம் பார்க்கப் பரவலாகப் பயன்படும் டிசிஎஃப் சாயம், இரும்புக்கும் வெளிச்சத்துக்கும்கூட ஒளிரும். எந்தத் தடுப்பானைப் போட்டாலும், அதே நொதியை மரபணு வழியில் நீக்கியும் அதே முடிவு வருகிறதா என்று பாருங்கள். நல்ல மஜ்ஜை செல்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல், "லுகேமியா செல்லைக் கொல்கிறது" என்று எழுத வேண்டாம். ஆக்சிஜனைக் குறைத்து வளர்க்கும் பெட்டி உங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தால், முதல் மாதமே அதில் வேலை செய்யக் கேட்டு வாங்குங்கள்.